எஃப்30, எஃப்50 நெயில் கன்: கையில் ஏறாமல் அடிப்பதும், கெடாமல் வைத்திருப்பதும்

பீடிங் (ஓர மரப்பட்டை), லிப்பிங் (பலகை விளிம்பை மூடும் பட்டை), டிராயர் பெட்டி என்று வீட்டு உள்வேலையில் பாதி ஆணி இன்று காற்றழுத்தத்தில் ஓடும் நெயில் கன்னால்தான் அடிக்கப்படுகிறது. சுத்தியலில் நான்கு அடி வாங்கும் ஆணி இதில் ஒரு நொடிக்குள் தலை மறைந்து உள்ளே போய்விடும். அதே வேகத்தில் அது விரலுக்குள்ளும் போகும். ஆணி தோலையும் எலும்பையும் துளைப்பதற்குள் கையை இழுத்துக்கொள்ள யாராலும் முடியாது. அதனால் இந்தக் கருவியில் எல்லாக் கவனமும் ட்ரிகரை அழுத்துவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

இங்கே சொல்வது 18 கேஜ் (ஆணியின் தடிமன் அளவு) ஆணி போடும் எஃப்30, எஃப்50 கன்களைப் பற்றி. எண் என்பது அந்தக் கன் ஏற்கும் அதிகபட்ச ஆணி நீளம், மில்லிமீட்டரில். சோபா வேலைக்கும் பின்பலகைக்கும் போடும் 1022ஜே ஸ்டேப்ளர், சுவரில் அடிக்கும் எஸ்டி64, பேலட் (சரக்கு ஏற்றும் மரத்தட்டு) கட்டும் காயில் நெயிலர் (சுருளாகக் கோத்த ஆணி போடுவது) எல்லாவற்றுக்கும் உள்ளே நடப்பது ஒன்றுதான். வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறோம்.

உள்ளே என்ன நடக்கிறது

இதைத் தெரிந்துகொண்டால் பாதுகாப்பு விதிகளும் ரிப்பேரும் தானாகப் புரியும். ஹோஸை மாட்டியதுமே கைப்பிடி முழுவதும், சிலிண்டரைச் சுற்றியுள்ள இடம் முழுவதும் காற்று நிரம்பி நிற்கிறது. சிலிண்டரின் வாயை மேலே ஒரு ஹெட் வால்வு மூடியிருக்கிறது. அதை அழுத்திப் பிடித்திருப்பதும் காற்றுதான். ட்ரிகரை இழுத்ததும் அந்த வால்வுக்கு மேலிருக்கும் காற்று வெளியேறும், வால்வு எழும்பும், சுற்றி நின்ற காற்று மொத்தமும் பிஸ்டன் தலையில் இறங்கும். பிஸ்டனோடு சேர்ந்த டிரைவர் பிளேடு ஸ்ட்ரிப்பிலிருந்து (ஒட்டிய ஆணி வரிசை) ஒரே ஓர் ஆணியைப் பிய்த்து மரத்துக்குள் தள்ளும். பிஸ்டன் கீழே பம்பர் என்ற ரப்பரில் மோதி நிற்கும். ட்ரிகரை விட்டதும் வால்வு மூடிக்கொள்ள, கீழ் அறையில் அடைபட்ட காற்று பிஸ்டனை மறுபடி மேலே ஏற்றும். மேலே இருந்த பழைய காற்று எக்ஸாஸ்ட் வழியாக வெளியே போகும்.

இதில் கவனிக்க வேண்டியது, ஹோஸ் மாட்டியிருக்கும்வரை கன் எப்போதும் அடிக்கத் தயாராகவே இருக்கிறது என்பது. டிரில் மெஷினைப் போல ஸ்விட்ச் போட்டால்தான் சக்தி வரும் என்ற கதை இங்கே இல்லை.

மூக்கில் லாக் இருக்கிறதா?

முதலில் உங்கள் கன்னின் முனையைப் பாருங்கள். ஆணி வெளியே வரும் இடத்தில் ஸ்பிரிங் வைத்த ஓர் இரும்பு நாக்கு நீட்டிக்கொண்டிருந்தால், அது மரத்தில் அழுந்தினால்தான் ட்ரிகர் வேலை செய்யும். பெரிய கன்களில் இது கட்டாயம் இருக்கும். ஆனால் நம் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் பல எஃப்30 கன்களிலும், 1022ஜே ஸ்டேப்ளர்களிலும் இது கிடையாது. அதற்குப் பதில் ட்ரிகரோடு ஒரு சின்ன இரண்டாம் நெம்புகோல் இருக்கும், அல்லது அதுவும் இருக்காது. அப்படிப்பட்ட கன் காற்றில் வைத்து இழுத்தாலும் அடிக்கும். 30 மிமீ ஆணி அறையைத் தாண்டிப் பறக்கும். புதிதாக வாங்குபவர்கள் சில நூறு ரூபாய் கூடினாலும் முனை லாக் உள்ள மாடலை வாங்குங்கள். இதில் சிக்கனம் பார்ப்பது தவறு என்றே சொல்வோம்.

முனை லாக் உள்ள கன்களிலும் இரண்டு விதம் உண்டு. ஒன்றில் முதலில் முனையை அழுத்தி, பிறகு ட்ரிகரை இழுக்க வேண்டும். ஒவ்வோர் ஆணிக்கும் ட்ரிகரை விட்டுவிட்டு இழுக்க வேண்டும். இன்னொன்றில் ட்ரிகரைப் பிடித்தபடியே முனையை எங்கே தட்டினாலும் ஆணி இறங்கும். பேலட் கட்டுபவர்களுக்கு வேகத்துக்காக இரண்டாவது பிடிக்கும். ஆனால் அதில்தான் முனை தொடையில் பட்டாலும், பக்கத்தில் நிற்பவரின் தோளில் பட்டாலும் ஆணி ஏறுகிறது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 2011இல் வெளியிட்ட வழிகாட்டி, தட்டினால் அடிக்கும் ட்ரிகரில் காயம்படும் அபாயம் மற்றதைவிட இரண்டு மடங்கு என்கிறது. அந்த நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 37,000 பேர் நெயில் கன் காயத்தோடு அவசர சிகிச்சைக்கு வருகிறார்கள் என்றும், பாதிக்கு மேற்பட்ட காயங்கள் கையிலும் விரலிலும்தான் என்றும் அது சொல்கிறது.

உங்களுடையது எந்த வகை என்று தெரிந்துகொள்ள, ஆணிகளை எடுத்துவிட்டு, காற்றை மாட்டி, முனையை வேஸ்ட் கட்டைக்கு மேலே காட்டுங்கள். ட்ரிகரை இழுத்துப் பிடித்துக்கொண்டு பிறகு முனையைக் கட்டையில் அழுத்துங்கள். அடித்தால் அது தட்டினால் அடிக்கும் வகை. வீட்டு உள்வேலைக்கு அந்த வேகம் தேவையே இல்லை. ட்ரிகரை மாற்ற வழியுள்ள கன்னாக இருந்தால் முதல் வகைக்கு மாற்றிவிடுங்கள்.

முனை லாக்கைக் கம்பி கட்டி அழுத்தி வைப்பது, அதன் ஸ்பிரிங்கைக் கழற்றிப் போடுவது, ட்ரிகரை டேப் சுற்றி விடுவது ஆகிய மூன்றையும் சைட்டில் பார்க்கலாம். மூன்றும் விரலைக் கொடுத்துவிட்டு வேகத்தை வாங்கும் வேலை.

காற்று: கம்ப்ரஸர், ஹோஸ், கப்ளர்

எஃப்30க்கு 25 லிட்டர் டேங்க், 1 ஹெச்பி போதும். எஃப்50 தொடர்ந்து ஓடினாலோ இரண்டு கன் ஒன்றாக ஓடினாலோ 50 லிட்டருக்குப் போகலாம். மின்சாரம் தூரத்தில் இருந்தால் எக்ஸ்டென்ஷன் வயரை நீட்டாதீர்கள், ஏர் ஹோஸை நீட்டுங்கள். மெல்லிய நீள வயரில் வோல்டேஜ் இறங்கி மோட்டார் திணறும், சூடேறும், கடைசியில் காயில் எரியும்.

கம்ப்ரஸரில் இரண்டு மீட்டர் இருக்கும். ஒன்று டேங்கின் அழுத்தம், மற்றது ரெகுலேட்டரை (அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு) தாண்டி ஹோஸுக்குப் போகும் அழுத்தம். கன்னுக்குக் கணக்கு இரண்டாவதுதான். பிளைவுட்டில் எஃப்30 அடிக்க 60 பிஎஸ்ஐயில், அதாவது சுமார் 4 பாரில், ஆரம்பித்து வேஸ்ட் துண்டில் அடித்துப் பாருங்கள். ஆணித் தலை மரப்பரப்புக்குக் கீழே 1 மிமீ இறங்கும்வரை ஐந்தைந்தாக ஏற்றுங்கள். தேக்கில் எஃப்50 அடிக்க 90 முதல் 100 வரை போக வேண்டியிருக்கும். கன்னின் உடலில் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டக் கூடாது. பெரும்பாலும் அது 100 அல்லது 120 பிஎஸ்ஐ. கூடுதல் அழுத்தத்தில் ஆணி நன்றாக ஏறுவதில்லை, மெல்லிய பலகையைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போகிறது, உள்ளே பம்பர் நொறுங்குகிறது.

ஓர் ஆணி சரியாக இறங்குகிறது, கொஞ்ச நேரத்தில் அடுத்தது தலை நீட்டிக்கொண்டு நிற்கிறது என்றால் கன்னைக் குறை சொல்வதற்கு முன் டேங்க் மீட்டரைப் பாருங்கள். பல சிறிய கம்ப்ரஸர்கள் 8 பாரில் நின்று, சுமார் 5.5 பாருக்கு இறங்கிய பிறகுதான் மறுபடி ஓடத் தொடங்கும். 5.5 பார் என்பது 80 பிஎஸ்ஐ. நீங்கள் ரெகுலேட்டரில் 95 வைத்திருந்தால், மோட்டார் எழுவதற்கு முன்பான அந்த இடைவெளியில் 95 கிடைக்கவே கிடைக்காது. உள்விட்டம் குறைந்த சுருள் ஹோஸை 15 மீட்டருக்கு இழுத்தாலும் இதே தொல்லைதான். ஹோஸ் குறைந்தது 150 பிஎஸ்ஐ தாங்குவதாக இருக்கட்டும்.

ஹோஸையும் கன்னையும் இணைக்கும் கப்ளர் விஷயத்தில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கன்னில் ஆண் நிப்பிள்தான் இருக்க வேண்டும், உள்ளே வால்வு வைத்த பெண் கப்ளர் ஹோஸ் முனையில் இருக்க வேண்டும். கடையில் கேட்கும்போது கன்னுக்கு பிஎம்20 அல்லது பிஎஃப்20, ஹோஸுக்கு எஸ்எச்20 என்று கேட்டால் சரியானது கிடைக்கும். காரணம் இது. நிப்பிளில் வால்வு கிடையாது, ஹோஸைக் கழற்றியதும் கன்னுக்குள் இருக்கும் காற்று புஸ்ஸென்று வெளியேறிவிடும். இதை மாற்றிப் போட்டால் ஹோஸைக் கழற்றிய பிறகும் காற்று உள்ளே அடைபட்டு நிற்கும். கழற்றிவிட்டோம் என்ற தைரியத்தில் முனையைத் தொடும்போது அது இன்னும் ஓர் ஆணியை அடிக்கும். நிப்பிள் மரையில் டெஃப்லான் டேப்பை மூன்று நான்கு சுற்று சுற்றினால் போதும். முதல் மரையை விட்டுவிட்டுச் சுற்றுங்கள், இல்லாவிட்டால் பிய்ந்த டேப் துணுக்கு உள்ளே போய் வால்வில் சிக்கும்.

கம்ப்ரஸர் இல்லாத நேரத்தில் வெல்டிங் ஆக்சிஜன் சிலிண்டரில் மாட்டிப் பார்க்கலாமா என்ற யோசனை சில பட்டறைகளில் எழுவதுண்டு. கூடவே கூடாது. கன்னுக்குள் எண்ணெய் இருக்கிறது. அழுத்தத்தில் ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் தீப்பொறி இல்லாமலே வெடிக்கும். எரிவாயு எதுவும் இதே கதிதான். மற்ற சிலிண்டர்களில் உள்ள அழுத்தத்தையும் இந்தக் கன் தாங்காது. சுத்தமான, ரெகுலேட்டர் வழியாக வரும் கம்ப்ரஸர் காற்று மட்டும்.

எந்த நீளம்?

மேலே வைக்கும் பலகையின் தடிமனைப்போல மூன்று மடங்கு நீளம் என்பது பொதுக் கணக்கு. 6 மிமீ பீடிங்குக்கு 20 மிமீ ஆணி சரியாக வரும். ஆனால் அடியில் இருக்கும் பலகை அதைத் தாங்குமா என்பதையும் கூட்டிப் பாருங்கள். 18 மிமீ பிளைவுட்டின் முகத்தில் 12 மிமீ தேக்குப் பட்டை வைக்கிறீர்கள் என்றால் மொத்தம் 30 மிமீ. எஃப்30 ஆணி 1 மிமீ தாழ இறங்கினால் நுனி பின்பக்கம் எட்டிப்பார்க்கும். அங்கே 25 மிமீ போடுங்கள். பின்பக்கம் யாருடைய கையாவது தாங்கிப் பிடித்திருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

18 மிமீ பிளைவுட்டை இன்னொன்றின் விளிம்பில் மூட்டு வைத்து அடிக்க 30 மிமீ பிடிக்காது, 12 மிமீதான் உள்ளே போகும். 50 மிமீ வேண்டும். அப்போதும் இந்த ஆணி ஃபெவிகால் காயும்வரை மூட்டை நகராமல் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். எடை தாங்கும் அலமாரித் தட்டு, லாஃப்ட் சட்டம், தலைக்கு மேலே தொங்கும் எதுவானாலும் ஸ்க்ரூ போடாமல் விடாதீர்கள். 6 மிமீ பின்பலகைக்கும் இந்த ஆணி பொருந்தாது. தலை மிகச் சிறியது, பலகை ஆணியை விட்டுக் கழன்று வந்துவிடும். அங்கே 1022ஜே ஸ்டேபிள் பிடிக்கும்.

வேலையைத் தொடங்கும்போது

கண்ணாடி இல்லாமல் கன்னைக் கையில் எடுக்காதீர்கள். வெயில் கண்ணாடியும் பார்வைக் கண்ணாடியும் கணக்கில் வராது. பக்கவாட்டு மறைப்போடு, ஐஎஸ் 5983 அல்லது இஎன் 166 முத்திரை உள்ளது வேண்டும். பக்கத்தில் உதவிக்கு நிற்பவருக்கும் ஒன்று. மூடிய அறையில் நாள் முழுக்க அடித்தால் காதடைப்பான் போடுங்கள். அடியின் சத்தம் குறுகியது என்பதால் வலிக்காது, ஆனால் செவித்திறன் மெல்லப் போகும்.

கன் காலியாக இருக்கும்போதே ஹோஸை மாட்டுங்கள். விரல் ட்ரிகரில் இருக்கக் கூடாது, முனை தரையையோ ஆளையோ பார்க்காமல் வேஸ்ட் கட்டையைப் பார்க்கட்டும். வால்வு கெட்டிருந்தால் காற்று ஏறும் அந்த நொடியில் கன் தானே ஓர் அடி அடிக்கும். ஆணி இல்லாவிட்டால் அது வெறும் அடி. ஆணி ஏற்றிவிட்டு மாட்டினால் அது பறக்கும் ஆணி. கசிவுச் சத்தம் எதுவும் இல்லை என்று பார்த்த பிறகு மேகசினை (ஆணி வரிசை நிற்கும் பகுதி) இழுத்து ஸ்ட்ரிப்பைப் போடுங்கள். அப்போதும் ட்ரிகருக்கும் விரலுக்கும் சம்பந்தம் இருக்கக் கூடாது. வேலை முடிந்ததும் கழற்றுவதும் இதே வரிசையில்தான்: முதலில் ஹோஸ், பிறகு ஆணி.

டீ குடிக்கப் போகும்போதும், ஏணியில் ஏறி இறங்கும்போதும், இன்னொருவர் கையில் கொடுக்கும்போதும் கப்ளரைக் கழற்றிவிடுங்கள். ஒரு கையால் இரண்டு நொடியில் முடியும் வேலை. குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேலை என்றால் இதில் விதிவிலக்கே கிடையாது.

அடிக்கும் முறை

பிடிக்கும் கை ஆணி இறங்கும் இடத்திலிருந்து ஓர் அடி தள்ளியே இருக்கட்டும். சின்னத் துண்டு, அவ்வளவு தூரம் கிடைக்காது என்றால் கையால் பிடிக்காதீர்கள், கிளாம்ப் போடுங்கள் அல்லது இன்னொரு கட்டையால் அழுத்திப் பிடியுங்கள். எந்த நிலையிலும் ஆணி நீளத்தைப்போல இரண்டு மடங்கு தூரத்துக்குள் விரல் வரக் கூடாது.

இதற்குக் காரணம் ஆணி நேராகவே போகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது என்பதுதான். ஒரு ஆணியைப் பிய்த்து நுனியை உற்றுப் பாருங்கள். ஊசியாக இருக்காது, இரண்டு பக்கமும் சரித்து உளி வாயாக வெட்டியிருக்கும். கணுவையோ, பிளைவுட்டுக்குள் இருக்கும் கடினமான அடுக்கையோ, பழைய ஆணியையோ அந்தச் சரிவு தொட்டதும் ஆணி வளைந்து ஒரு பக்கமாக ஓடும். ஸ்ட்ரிப்பில் ஆணிகள் ஒட்டியிருக்கும் விதத்தில், வளைவு பெரும்பாலும் கன்னின் இடது வலமாகத்தான் வரும், முன் பின்னாக வராது. இதை நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். 18 மிமீ விளிம்பில் அடிக்கும்போது மேகசின் அந்த விளிம்பின் நீளத்துக்குக் குறுக்காக இருக்கும்படி கன்னைப் பிடியுங்கள். ஆணி வளைந்தாலும் பலகையின் நீளவாட்டில் உள்ளேயே ஓடும். மேகசினை விளிம்போடு இணையாக வைத்து அடித்தால் வளைந்த ஆணி பலகையின் முகத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும், அங்கேதான் பெரும்பாலும் இடது கை விரல்கள் இருக்கும். நாள் முழுக்க அலமாரி அடிப்பவர்களில் பலருக்கு இந்த ஒரு பழக்கம் போதும், விரலும் தப்பும், மைக்காவும் தப்பும்.

முனையைச் செங்குத்தாக வைத்து, அழுத்தமாக, ஆனால் உடம்பு எடை முழுவதையும் போடாமல் பிடியுங்கள். அடித்ததும் கன் சற்றுப் பின்வாங்கும். அதை எதிர்த்து மறுபடி அமுக்கினால், தட்டினால் அடிக்கும் ட்ரிகராக இருக்கும் பட்சத்தில், இரண்டாவது ஆணி முதல் ஆணியின் தலையிலேயே விழுந்து தெறிக்கும். அடித்து முடித்ததும் ட்ரிகரிலிருந்து விரலை எடுத்துவிட்டுத்தான் அடுத்த இடத்துக்குப் போக வேண்டும்.

தேக்கு லிப்பிங்கின் நுனியில் கடைசி 20 மிமீயை விட்டுவிட்டு அடியுங்கள், இல்லாவிட்டால் பிளக்கும். எம்டிஎஃப் விளிம்பில் நடுவில் மட்டும். பழைய கதவு, ஜன்னல் சட்டங்களில் அடிக்கும் முன் காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். புதைந்த ஆணி மேல் புது ஆணி பட்டால் எந்தத் திசையில் வரும் என்று சொல்ல முடியாது. தலைக்கு மேல் அடிக்கும்போது முகம் ஆணியின் கோட்டுக்கு நேரே கீழே வராதபடி தள்ளி நில்லுங்கள்.

சுவரில் ஸ்கர்ட்டிங்கோ சட்டமோ எஸ்டி64ல் அடித்தால் இரண்டு விஷயம். சாந்திலும் செங்கல்லிலும் ஆணி ஏறும், நன்றாக இறுகிய கான்கிரீட் தூணில் வளைந்து தெறிக்கும். அங்கே டிரில் போட்டு ராவல் பிளக் வைப்பதே மேல். இரண்டாவது, ஸ்விட்ச் பாக்ஸுக்கு நேர் மேலேயும் கீழேயும் சுவருக்குள் வயர் பைப் ஓடும். அந்தக் கோட்டை விட்டு ஒதுங்கி அடியுங்கள். குளியலறைச் சுவரின் மறுபக்கம் தண்ணீர்க் குழாய்க்கும் இதுவே.

ஆணி ஏறிவிட்டால்

முதலில் கப்ளரைக் கழற்றுங்கள். கையில் ஏறிய ஆணியைக் குறடு போட்டு இழுக்காதீர்கள். அது எலும்பையோ மூட்டையோ நரம்பையோ தொட்டு நிற்கலாம், இழுக்கும்போது கூடுதலாகக் கிழியும். ஸ்ட்ரிப்பை ஒட்டிய பசையும் கையுறைத் துணியும் உள்ளே தங்கிச் சீழ் பிடிக்கும். ஆணியை அப்படியே விட்டு, அசையாமல் சுற்றித் துணியை அடைத்துக் கட்டி, கையை இதயத்துக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி மருத்துவமனைக்குப் போங்கள். எக்ஸ்-ரே எடுக்க வேண்டும், டெட்டனஸ் ஊசி தேவையா என்று கேட்க வேண்டும். ஆணி தானே வெளியே வந்துவிட்டாலும், ரத்தம் வராவிட்டாலும், இது பொருந்தும். மரத்தோடு சேர்த்துக் கை ஆணியடிக்கப்பட்டுவிட்டால் மரத்தை இருபுறமும் அறுத்துத் துண்டோடு கொண்டுபோகலாம்.

கண்ணில் பட்டால் தேய்க்கக் கூடாது, கழுவக் கூடாது, எதையும் பிடுங்கக் கூடாது. ஒரு பேப்பர் கப்பைக் கண்ணை அழுத்தாமல் மேலே கவிழ்த்து ஒட்டி, 108ஐ அழையுங்கள். மார்பு, வயிறு, தலை என்றாலும் ஆணியைத் தொடாமல் உடனே 108.

தினப் பராமரிப்பு

இந்தக் கன்களைக் கெடுப்பது தண்ணீரும் தவறான எண்ணெயும்தான். கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் அதிகம். அதை அமுக்கியதும் ஈரம் தண்ணீராக டேங்கின் அடியில் தேங்கும். தினமும் வேலை முடிந்ததும் அழுத்தத்தைக் குறைத்துவிட்டு, கீழே இருக்கும் வடிகுழாயைத் திறந்து, துருநிறத் தண்ணீர் வடிந்து காற்று மட்டும் வரும்வரை விடுங்கள். வடிக்காத தண்ணீர் ஹோஸ் வழியாகக் கன்னுக்குள் போய் எண்ணெயோடு சேர்ந்து வெள்ளைக் குழம்பாகும், ஸ்பிரிங்கும் பிளேடும் துருவேறும். டேங்கே உள்ளிருந்து துருப்பிடித்து மெலிந்தால் அது இன்னும் பெரிய ஆபத்து.

எண்ணெய் காலையில் நிப்பிளின் வாயில் இரண்டு மூன்று சொட்டு, கன வேலை என்றால் மதியம் இன்னொரு முறை. ஏர் டூல் எண்ணெய் என்று கேட்டு வாங்குங்கள், ஐஎஸ்ஓ விஜி 32 அளவில் மெல்லியது. இன்ஜின் எண்ணெயில் உள்ள சேர்மானங்கள் ஓ-ரிங்கை (காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்) கெடுக்கும். தேங்காய் எண்ணெய் மார்கழிக் காலையில் உறைந்தே நிற்கும். மண்ணெண்ணெய், தின்னர், டபிள்யூடி-40 எல்லாம் ரப்பருக்கும் உயவுக்கும் ஆகாது. எண்ணெய் வேண்டாம் என்று உடலில் எழுதியிருக்கும் மாடலில் சொட்டுக்கூட விடாதீர்கள். எண்ணெய் விட்டதும் ஐந்தாறு முறை வேஸ்ட் கட்டையில் அடித்த பிறகே வெனீர் பக்கம் போங்கள். எக்ஸாஸ்ட்டில் தெறிக்கும் எண்ணெய் வெனீரில் பட்டால் அந்த இடத்தில் பாலிஷ் பிடிக்காது. எக்ஸாஸ்ட் மூடி சுழலும் வகையாக இருந்தால் அதையும் வேலையிலிருந்து விலக்கித் திருப்பி வையுங்கள்.

மேகசினுக்குள் மரத்தூள் சேர்ந்தால் ஸ்ட்ரிப்பைத் தள்ளும் பாகம் நகராமல் ஒட்டிக்கொள்ளும். காய்ந்த துணியால் துடையுங்கள். அங்கே எண்ணெய் விட்டால் தூள் இன்னும் பிடிக்கும். வாரம் ஒருமுறை கன்னின் மேலே உள்ள தலைமூடியிலும் முனையிலும் உள்ள போல்ட்களை ஆலன் கீ போட்டுப் பாருங்கள், அதிர்வில் தளரும். முனை லாக் தடையில்லாமல் மேலும் கீழும் போகிறதா என்று தினமும், ஹோஸ் மாட்டும் முன்.

ஆணி சிக்கிக்கொண்டால்

ஹோஸைக் கழற்றுங்கள். இதைச் செய்யாமல் முனையில் ஸ்க்ரூடிரைவரை விட்டால், சிக்கிய ஆணி விடுபட்ட கணமே பாதியில் நின்ற பிளேடு பாயும். பிறகு மேகசினைத் திறந்து மீதி ஸ்ட்ரிப்பை எடுங்கள். முனையின் கொக்கியைத் திறந்தோ இரண்டு போல்ட்டைத் தளர்த்தியோ, வளைந்த ஆணியை நோஸ் பிளையரால் உருவுங்கள். பிளேடு கீழேயே நின்றிருந்தால் ஸ்க்ரூடிரைவரின் தட்டையான பக்கத்தால் மேலே தள்ளுங்கள். மூடி இறுக்கி, காலியாகக் காற்று மாட்டி, குறைந்த அழுத்தத்தில் வேஸ்ட் கட்டையில் இரண்டு அடி, பிறகு ஆணி.

ஒரே நாளில் நான்கைந்து தடவை சிக்கினால் ஏதோ ஒன்று சரியில்லை. ஈரத்தில் துருவேறிய ஸ்ட்ரிப், கேஜ் மாறிய ஆணி, அழுத்தக் குறைவு, தேய்ந்த பிளேடு என்ற வரிசையில் பாருங்கள். பிளேடின் நுனி சதுரமாக, விளிம்பு கூராக இருக்க வேண்டும். மழுங்கியிருந்தால் ஆணித் தலையிலிருந்து வழுக்கும். சிறு பிசிறை எண்ணெய்க் கல்லில் தேய்த்துச் சரிசெய்யலாம். அதற்கு மேல் தேய்த்தால் பிளேடு குட்டையாகி ஆணி முழுதாக இறங்காது, பிஸ்டனோடு புதிதாக மாற்றிவிடுங்கள்.

கசிவு எங்கே என்று கேளுங்கள்

காற்றை மாட்டிவிட்டு அமைதியான இடத்தில் காதை வையுங்கள், முனைக்கு நேரே முகத்தைக் கொண்டுபோகாமல். சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். ட்ரிகர் பக்கம் கசிந்தால் ட்ரிகர் வால்வின் ஓ-ரிங். சும்மா இருக்கும்போது எக்ஸாஸ்ட்டில் கசிந்தால் ஹெட் வால்வின் ஓ-ரிங் அல்லது சீல். தலைமூடியைச் சுற்றிக் கசிந்தால் போல்ட் தளர்வு, அல்லது கேஸ்கட். ட்ரிகரை இழுத்துப் பிடித்திருக்கும்போது மட்டும் முனை வழியாகக் காற்று வந்தால் பம்பர் தேய்ந்துவிட்டது. கசிவே இல்லை, ஆனால் அடி பலவீனம் என்றால் பிஸ்டன் ஓ-ரிங். பிஸ்டன் மெதுவாக மேலே திரும்பினால் எண்ணெய் இல்லை, அல்லது உள்ளே அழுக்கு. அடிக்கிறது, குழி விழுகிறது, ஆணி மட்டும் வரவில்லை என்றால் ஸ்ட்ரிப்பைத் தள்ளும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் அல்லது மேகசினில் தூள். முனையில் கறுப்பு ரப்பர்த் துணுக்கு உதிர்ந்தால் பம்பர் உடைந்தேவிட்டது. அதோடு ஓட்டினால் பிஸ்டன் இரும்பில் மோதி உடலே விரியும்.

இவற்றில் பெரும்பாலானவை ஒரு ஓ-ரிங் செட்டில் முடியும். ஹோஸும் ஆணியும் இல்லாத கன்னைத் துணி விரித்த மேசையில் வையுங்கள். தலைமூடியின் நான்கு போல்ட்டைக் கழற்றி, மூடியை அழுத்திப் பிடித்தபடி மெதுவாகத் தூக்குங்கள், கீழே ஸ்பிரிங் இருக்கும். ஒவ்வொரு பாகத்தையும் எடுக்கும் முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஹெட் வால்வின் எந்த முகம் மேலே என்பதில்தான் பலரும் தடுமாறுவார்கள். முனை வழியாக மரக்குச்சியால் பிளேடைத் தள்ளினால் பிஸ்டன் மேலே வரும். சிலிண்டரைச் சுத்தத் துணியால் துடையுங்கள், உப்புத்தாள் வேண்டாம். பழைய ஓ-ரிங்கைக் கூரான கத்தியால் நெம்பினால் பள்ளத்தில் கீறல் விழுந்து புது ரிங்கும் கசியும், மழுங்கிய குச்சியால் எடுங்கள். புதியதற்குச் சிலிக்கான் கிரீஸை மெல்லியதாகத் தடவி, முறுக்கில்லாமல் உட்கார வையுங்கள். போல்ட்களை ஒரே மூலையில் இறுக்கி முடிக்காமல், எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக.

மூடிய பிறகு, ஆணி போடாமல், 60 பிஎஸ்ஐயில் காற்றை மாட்டி முனையை வேஸ்ட் கட்டையின் பக்கம் காட்டியபடி சோதியுங்கள். முனை லாக் உள்ள கன்னில், ட்ரிகரைத் தொடாமல் முனையை மட்டும் அழுத்தினால் அடிக்கக் கூடாது. முனை எதையும் தொடாமல் ட்ரிகரை மட்டும் இழுத்தாலும் அடிக்கக் கூடாது. முதலில் முனை, பிறகு ட்ரிகர் என்ற வகையாக இருந்தால், ட்ரிகரைப் பிடித்துக்கொண்டு முனையை அழுத்தும்போதும் அடிக்கக் கூடாது. முனை லாக் இல்லாத கன்னில் ட்ரிகரை விட்டதும் பிஸ்டன் முழுதாக மேலே திரும்புகிறதா, ஹோஸை மாட்டும் கணத்தில் தானாக அடிக்காமல் இருக்கிறதா என்று ஐந்து முறை மாட்டிக் கழற்றிப் பாருங்கள். இதில் ஒன்று தவறினாலும் ஆணி ஏற்றாதீர்கள். மறுபடி திறந்து வால்வைப் பாருங்கள், அப்போதும் சரிவராவிட்டால் சர்வீஸுக்குக் கொடுங்கள். கொடுக்கும்வரை நிப்பிளைக் கழற்றித் தனியாக எடுத்து வைத்துவிட்டால், தெரியாமல் வேறு யாரும் எடுத்து மாட்ட முடியாது.